கிராஃப்ட் பீர்: கிளாஸில் ருசி எவ்வளவு, வரி எவ்வளவு?

நண்பரின் பிறந்தநாள் என்று டாமன்சாரா அப்டவுன் பக்கம் உங்களைக் கூப்பிடுகிறார்கள். கடைக்குள் போய் உட்கார்ந்தால், சுவரில் வரிசையாகக் குழாய்கள், மேலே சாக்பீஸில் எழுதிய பெயர்கள்: ஹேஸி ஐபிஏ, கோஸா, ஹெஃபவைசன், இம்பீரியல் ஸ்டவுட். பக்கத்தில் விலை. பாதிக்கு மேல் 30 வெள்ளியைத் தாண்டுகிறது. "பீருக்கா இவ்வளவு?" என்று உங்களுக்குத் தோன்றினால் அது நியாயமான கேள்விதான். பதில் சொல்ல ருசியையும் பார்க்க வேண்டும், சுங்கத்துறையின் கணக்கையும் பார்க்க வேண்டும். கூடவே, நம் ஆட்களுக்கும் மதுவுக்கும் இருக்கிற பழைய, கொஞ்சம் வலிக்கிற கதையையும்.

இப்போது இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2025 அக்டோபரில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் தாக்கல் செய்த 2026 வரவு செலவுத் திட்டத்தில், மதுபானங்களுக்கான கலால் வரி 10 விழுக்காடு உயர்த்தப்பட்டது. அது 2025 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. பீர் மீதான கலால் வரி அதற்கு முன்னால் மாற்றப்பட்டது 2016 மார்ச்சில். ஒன்பது ஆண்டு அசையாமல் இருந்த வரி இப்போது அசைந்திருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இது குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை. மலேசியாவில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. 18 என்று இருந்த வயது வரம்பு 2017 டிசம்பர் 1 முதல் 21 ஆனது. முஸ்லிம்களுக்கு ஷரியா சட்டப்படி மது குற்றம். நீங்கள் இந்த இரண்டுக்கும் வெளியே இருந்தாலும், குடிக்காமல் இருப்பது ஒரு முழுமையான தேர்வுதான், அதற்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மேசையில் வந்து நிற்கிற ஒன்றைப் புரிந்துகொள்வதில் தப்பில்லை.

கிராஃப்ட் என்றால் என்ன?

எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே விளக்கம் கிடையாது. அமெரிக்காவின் மதுவடிப்பாளர் சங்கம் ஒரு வரையறை வைத்திருக்கிறது: ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய்க்கு மேல் காய்ச்சக் கூடாது; பெரிய மது நிறுவனத்தின் பங்கு 25 விழுக்காட்டை எட்டக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 60 லட்சம் பீப்பாய் என்றால் சுமார் 70 கோடி லிட்டர். அதைச் 'சிறிய ஆலை' என்று சொல்ல அமெரிக்காவால்தான் முடியும்.

நம் நாட்டில் 'கிராஃப்ட்' என்று ஒரு தனி வரி வகை இல்லை. வரிக்கு எல்லாமே பீர்தான். சந்தையைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு பெரிய ஆலைகள், இரண்டுமே கிள்ளான் பள்ளத்தாக்கில்: ஷா ஆலாமில் கார்ல்ஸ்பெர்க், பெட்டாலிங் ஜெயா சுங்கைவேயில் ஹெய்னெக்கன். சுங்கைவே ஆலை 1960களிலிருந்து இருக்கிறது. ஷா ஆலாமில் காய்ச்சத் தொடங்கியது 1972இல். 1976ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிக்க முடியாது. அமெரிக்காவில் கிராஃப்ட் இயக்கமே வீட்டு கராஜில் பானை வைத்துக் காய்ச்சிப் பார்த்தவர்களிடமிருந்துதான் கிளம்பியது. இங்கே அந்தப் பானைக்கே கதவு மூடியிருக்கிறது. அதனால்தான் உள்ளூர்ப் பிராண்டுகள் சில, செய்முறையை இங்கே யோசித்து, வெளிநாட்டு ஆலையில் காய்ச்சி, கப்பலில் இறக்கி விற்றன. கிளாஸில் இருப்பது நம்மூர் ஐடியா, ஆனால் வரும்போது இறக்குமதிச் சரக்கு.

நாக்குக்குத் தெரிந்த ருசிகள்

பீருக்கு அடிப்படை நான்கு பொருள்: தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, ஈஸ்ட். இதில் ஈஸ்ட்தான் குடும்பத்தைப் பிரிக்கிறது. அறை வெப்பத்தை ஒட்டி, 15 முதல் 24 டிகிரி வரை, வேகமாகப் புளிப்பது ஏல் குடும்பம். 10 டிகிரியை ஒட்டிய குளிரில் மெதுவாகப் புளித்து, பிறகு வாரக்கணக்கில் குளிரிலேயே தெளிய விடுவது லாகர் குடும்பம். நீங்கள் கல்யாண விருந்திலும் சீனர் உணவகத்திலும் பார்த்தது பெரும்பாலும் லாகர். 1842இல் இன்றைய செக் நாட்டின் பில்சென் நகரில் பிறந்த மஞ்சள் நிறப் பில்ஸ்னரின் பேரப்பிள்ளைகள் அவை.

இங்கிலீஷ் விமர்சனங்களில் 'பைன் பிசின்', 'பிஸ்கட்', 'கிரேப்ஃப்ரூட்' என்று எழுதுவார்கள். பாதி நமக்கு ஒட்டாது. நம் வீட்டு ருசிகளை வைத்துப் பார்த்தால் இது ஒன்றும் புரியாத சங்கதி இல்லை.

ஹெஃபவைசன் என்பது ஜெர்மனியின் கோதுமை பீர். கலங்கலாக இருக்கும். மோந்து பார்த்தால் பிசாங் எமாஸ் வாழைப்பழமும் கிராம்பும் வாசம் வரும். "எசென்ஸ் ஊத்திட்டாங்களா?" என்று கேட்பீர்கள். ஒரு சொட்டு கூட இல்லை. அந்த ஈஸ்ட்டே புளிக்கும்போது ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளை உண்டாக்குகிறது. வாழைப்பழத்துக்கு வாசனை கொடுப்பதும் அதே பொருள்தான். கிராம்பு வாசமும் ஈஸ்ட்டின் வேலை. தோசை மாவு வீட்டுக்கு வீடு ஒவ்வொரு விதமாகப் புளிக்கிறது இல்லையா, அதே கதை.

பெல்ஜியத்தின் விட்பியரில் உண்மையாகவே மசாலா போடுகிறார்கள்: கொத்தமல்லி விதையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும். அந்த வகை அழிந்தே போயிருந்தது. ஹூகார்டன் என்ற ஊரில் பால் வியாபாரியாக இருந்த பியர் செலிஸ் என்பவர் 1960களில் அதை மீட்டெடுத்தார். ரசப்பொடி இடித்த கைக்கு அந்த வாசம் உடனே பிடிபடும்.

எனக்கு ரொம்பவும் பிடித்த உதாரணம் கோஸா. ஜெர்மனியின் கோஸ்லார், லைப்சிக் பக்கத்தில் வளர்ந்த வகை. லாக்டிக் பாக்டீரியாவால் புளிப்பு, கூடவே உப்பு, கொத்தமல்லி. அட, இது நீர்மோர் செட்டப்! பங்குனி உத்திரப் பந்தலில் கையில் கொடுக்கிற மோரையும் இதையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே பாக்டீரியா குடும்பத்தின் கைவேலை. முதல் முறை கோஸா குடிக்கிற நம் ஆட்கள் "பீர் கெட்டுப்போச்சு போல" என்று திருப்பிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கெடவில்லை. அதுதான் அதன் ருசி.

ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல், கசப்பின் ராஜா. பேரில் இந்தியா இருப்பதால் ஒரு கதை ஓடும்: இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்காக, ஆறு மாதக் கப்பல் பயணத்தில் கெடாமல் இருக்க, புதிதாகக் கண்டுபிடித்தார்கள் என்று. பாதிதான் சரி. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலை, ஏற்கனவே இங்கிலாந்தில் இருந்த ஹாப்ஸ் அதிகமான பீரைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஆட்களுக்கு விற்றது. 1820களில் பர்ட்டன் நகரத்து ஆலைகள் போட்டிக்கு வந்தன. இந்தியா என்ற பேர் விற்பனைக்காகப் பின்னால் ஒட்டிக்கொண்டது. இன்றைய அமெரிக்கப் பாணி ஐபிஏவில் பொமேலோ, மாம்பழம், லைச்சி வாசம் எல்லாம் ஹாப்ஸிலிருந்து வருகிறது. கசப்பு? பாகற்காய் வறுவலை ரசித்துச் சாப்பிடுகிறவருக்கு இது பழக்கப்பட்ட இடம்தான். சுண்டைக்காய் வற்றல் பிடிக்காதவருக்கு இரட்டை ஐபிஏ நிச்சயமாக வேண்டாம்.

ஸ்டவுட் நமக்குப் புதுசே இல்லை. கிள்ளானில் என் பெரியப்பா அதைப் பேர் சொல்லிக் கேட்கவே மாட்டார். 'கருப்பு நாய்' என்பார். பழைய ஏற்றுமதி பாட்டில் ஒன்றின் லேபிளில் நாய்த் தலை இருந்ததால் சீனர்கள் வைத்த பேர், எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஸ்டவுட் கொடுத்தால் இரத்தம் ஊறும் என்று நம்பிய வீடுகள் சீனர், தமிழர் இரு பக்கமும் உண்டு. அந்த நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. பால் கொடுக்கும் தாய்க்கு மது நல்லதும் இல்லை. நிறமும் கருகல் ருசியும் வறுத்த பார்லியிலிருந்து வருகின்றன. கோப்பித்தியாமில் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த கொட்டையில் போடுகிற கோப்பி ஓ குடித்திருந்தால் பாதி தூரம் வந்துவிட்டீர்கள். இலங்கையின் லயன் ஸ்டவுட்டும் இந்தக் குடும்பம்தான். நுவரெலியா மலையில் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய ஆலையின் வழிவந்தது. 8 விழுக்காட்டைத் தாண்டும் கனத்த பீர். பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் புகழ்ந்து எழுதியதால் வெளிநாட்டில் பேர் வாங்கியது. பாடகர் இல்லை, வேறு ஆள். பீரை இப்படி வகை வகையாகப் பிரித்துப் பேசும் பழக்கத்துக்கே அவர் 1977இல் எழுதிய புத்தகம் ஒரு முக்கியக் காரணம்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

'செமயா இருக்கு' என்பது விமர்சனம் இல்லை. போட்டி நடுவர்கள் பயன்படுத்தும் பிஜேசிபி தாளில் மொத்தம் 50 மதிப்பெண்: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்பதைக் கவனியுங்கள். இன்ஸ்டாகிராம் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது.

இன்னொரு விஷயம்: நடுவர், 'எனக்குப் பிடித்ததா' என்று பார்ப்பதில்லை, 'இந்த வகைக்கு இது சரியா' என்று பார்க்கிறார். கோஸா புளிக்கவில்லை என்றால்தான் மதிப்பெண் குறையும். பில்ஸ்னர் புளித்தால் குறையும். நடுவர்கள் தேடுகிற குறைகளில் சில நமக்கும் எளிதில் தெரியும். உருகிய வெண்ணெய் வாசம் வந்தால் டயாசிட்டைல், புளிப்பித்தல் சரியாக முடியவில்லை. வேகவைத்த சோள வாசம் இன்னொரு குறை. ஈரமான அட்டைப்பெட்டி வாசம் என்றால் பழசு, காற்றுப் பட்டிருக்கிறது.

அந்தக் கடைசிக் குறைதான் கோலாலம்பூரில் முக்கியம். ஹாப்ஸ் வாசம் சூட்டைத் தாங்காது. அமெரிக்காவில் காய்ச்சிய ஐபிஏ, கொள்கலனில் வெந்து, கிடங்கில் காத்திருந்து, உங்கள் கைக்கு வரும்போது மாம்பழ வாசம் போய்க் கசப்பு மட்டும் மிச்சமிருக்கும். எனவே விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் டின்னின் அடியில் தயாரித்த தேதியைப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியில் இல்லாமல் அலமாரியில் வெளிச்சம் பட வைத்திருக்கும் பச்சை பாட்டில் என்றால் விட்டுவிடுங்கள். ஒளி பட்டால் ஹாப்ஸ் நாற ஆரம்பிக்கும். இதில் டின் பாட்டிலைவிட மேல். கடையில் வாங்குகிறபோது இந்த இரண்டையும் கேட்டால், "தம்பிக்கு விஷயம் தெரியும்" என்று கடைக்காரர் முகம் மாறும்.

30 வெள்ளியில் அரசாங்கத்துக்கு எவ்வளவு?

இங்கேதான் கணக்கு வருகிறது, பயப்படாதீர்கள், ஐந்தாம் ஆண்டுக் கணக்குதான்.

2016 மார்ச் வரை பீருக்கு லிட்டருக்கு 7 ரிங்கிட் 40 சென், அதோடு மதிப்பில் 15 விழுக்காடு என்று இரட்டை வரி. அந்த மாதம் முறையை மாற்றினார்கள்: பீருக்குள் இருக்கும் சுத்தமான ஆல்கஹாலை மட்டும் அளந்து, அதற்கு லிட்டருக்கு 175 ரிங்கிட். 2025 நவம்பரில் 10 விழுக்காடு கூட்டினால் 192 ரிங்கிட் 50 சென்.

330 மில்லி டின், 5 விழுக்காடு லாகர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 16.5 மில்லி ஆல்கஹால். பழைய வரி 2 ரிங்கிட் 89 சென். புதியது 3 ரிங்கிட் 18 சென். வித்தியாசம் 29 சென். அதே டின்னில் 8 விழுக்காடு இரட்டை ஐபிஏ என்றால் 5 ரிங்கிட் 8 சென். 10 விழுக்காடு இம்பீரியல் ஸ்டவுட் என்றால் 6 ரிங்கிட் 35 சென். இது கலால் மட்டும். விற்பனை வரி தனி, வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி வரி தனி.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, உங்கள் கிராஃப்ட் பீர் விலையேற்றத்துக்கு வரி மட்டும் காரணம் இல்லை. 29 சென் ஏறியதற்கு 3 வெள்ளி ஏற்றுகிற கடையிடம் நீங்கள் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். சிறு ஆலையின் செலவு, குளிர்ப்பதனக் கப்பல் கட்டணம், அப்டவுன் கடை வாடகை எல்லாம் அந்த 30 வெள்ளிக்குள்தான் இருக்கின்றன. இன்னொன்று, கனமான பீர்தான் அதிகம் அடிபடுகிறது. மதிப்பு மீதான 15 விழுக்காடு போனது விலை கூடிய கிராஃப்ட் பீருக்கு லாபம். ஆல்கஹால் கணக்கு வந்தது அதன் கனத்த வகைகளுக்கு நஷ்டம்.

சுகாதாரம் என்ற பேரில் ஆல்கஹாலை அளந்து வரி போடுவது சரியான முறை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் நம் வரி அட்டவணையில் ஒரு வினோதம் இருக்கிறது. 2016இல் பீருக்கு 175 ரிங்கிட் வைத்தவர்கள், அதே ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு விஸ்கி, பிராந்தி வகைக்கு 150 வைத்தார்கள். சம்சு வகைக்கு அதைவிடவும் குறைவு. பல நாடுகளில் இது நேர்மாறு: வேகமாகப் போதை ஏற்றும் வடிசாராயத்துக்குத்தான் அதிக வரி. 10 விழுக்காட்டை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கூட்டினால் இந்த இடைவெளி மறையாது, இன்னும் கொஞ்சம் பெரிதாகும். காசு குறைந்தவர் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

வரி கூடினால் கள்ளக்கடத்தல் பெருகும் என்று பீர் நிறுவனங்கள் ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் முன்னால் சொல்வது வழக்கம். கடத்தல் பீர் உண்மையான பிரச்சினைதான். ஆனால் சொல்பவர் யார் என்பதையும் சேர்த்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

விழா நின்ற வருஷம்

கிராஃப்ட் பீர் என்ற சொல் மலேசியாவில் தலைப்புச் செய்தியானது ருசியால் அல்ல. 2012 முதல் நடந்துவந்த 'பெட்டர் பீர் ஃபெஸ்டிவல்' 2017 அக்டோபரில் பப்ளிகா வளாகத்தில் ஆறாவது முறையாக நடக்கவிருந்தது. பாஸ் கட்சி எதிர்த்தது. செப்டம்பரில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் அனுமதி மறுத்தது. தீவிரவாதிகள் விழாவைக் குலைக்கத் திட்டமிட்டதாகத் தகவல் கிடைத்தது என்று போலீஸ் பிறகு சொன்னது. அதே நேரத்தில் சிலாங்கூரிலும் கதவு மூடியது; கிள்ளானில் ஒரு வணிக வளாகத்தில் நடக்கவிருந்த பீர் விழாவுக்கும் அனுமதி கிடைக்கவில்லை.

கவனிக்க வேண்டியது இது: ஐந்து முறை சத்தமில்லாமல் நடந்த நிகழ்ச்சி, அடுத்த பொதுத் தேர்தல் நெருங்கிய ஆண்டில் ஆறாவது முறை நாட்டுப் பிரச்சினை ஆனது. விழா நின்றாலும் கடைகளில் குழாய் நிற்கவில்லை. பிறகு 2021 இறுதியில் கோலாலம்பூரில் மளிகைக் கடை, வசதிக்கடைகளில் கடும் மது விற்பனைக்குத் தடை வந்தது. பீர் மட்டும் காலை 7 முதல் இரவு 9 வரை விற்கலாம். பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஒன்பதரைக்குப் போய் "அண்ணே, ஒன்னே ஒன்னு" என்று கெஞ்சினாலும் அவர் தலையாட்டுவது இதனால்தான்.

நம் வீட்டில் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் பாட்டிக்கு ஹெஃபவைசனுக்கும் சம்சுவுக்கும் வித்தியாசம் தெரியாது என்று நினைத்தால், பாட்டி பார்த்தது உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம்.

ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்ட அமைப்பின் ஒரு பகுதியாகவே இருந்தது. சம்பளம் ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் திரும்ப எடுக்கிற ஏற்பாடு என்று அப்போதே விமர்சித்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களை ஒன்றுதிரட்டியவர் ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை செய்தவர். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான சம்பளம், பிள்ளைகளுக்குக் கல்வி, துரை எதிரில் வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்ற உரிமை. அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இன்னொன்று: தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடு. கேட்டது துரையோ சாமியாரோ இல்லை, மரம் சீவிய தொழிலாளர்கள். மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். படையைக் கொண்டு வேலைநிறுத்தத்தை ஒடுக்கியபோது தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். போருக்குப் பிறகு கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படையும் கள்ளுக்கடைக்கு எதிராகத்தான் முதலில் அணிவகுத்தது.

கள்ளுக்குப் பிறகு வந்தது சம்சு. சின்னச் சின்னப் பாட்டிலில், சில வெள்ளிக்கு, அதிகப் போதை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டு இதை எதிர்த்துப் பிரசாரம் செய்தது. 2017 டிசம்பரில் வயது வரம்பு உயர்ந்தபோது கூடவே இன்னொரு விதியும் வந்தது: கலவைக் கடும் மதுவை 700 மில்லிக்குக் குறைந்த பாட்டிலில் விற்கக் கூடாது. பாட்டில் பெரிதானால் ஒரே நாள் கூலியில் வாங்குவது கஷ்டம் என்பது கணக்கு.

அடுத்த ஆண்டே, 2018 செப்டம்பரில், சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மது குடித்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்: நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார், இந்தியா. மலேசியர்களும் இருந்தார்கள். போலிச் சரக்கில் விஸ்கி லேபிள் மட்டுமல்ல, பீர் லேபிளும் இருந்தது.

இதில் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். பீரை முறையாகக் காய்ச்சினால் ஆபத்தான அளவு மெத்தனால் வருவதில்லை. கொல்வது, தொழிற்சாலைக் கரைப்பானாக விற்கிற மெத்தனாலை மலிவுக்காகக் கலப்பது. உடல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. முதலில் போவது கண். குடித்த 12 முதல் 24 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாமல்கூட இருக்கும். பார்வை பனிமூட்டம் மாதிரி மங்குகிறது, வாந்தி, மூச்சு வாங்குகிறது என்றால் 'ஹேங்ஓவர்' என்று படுத்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நேரத்தோடு போனால் மாற்று மருந்து இருக்கிறது. 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்ததும் இதே மெத்தனாலால். 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே கையில் வைத்திருக்கும் மாநிலம் அது. கடை யாருடையது என்றாலும், அதிலும் வாங்க முடியாதவருக்கு இன்னொரு சந்தை கீழே ஓடிக்கொண்டிருக்கிறது.

எனவே பாட்டி முகம் சுளித்தால் 'பழைய ஆளு' என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அவர் கண்ணுக்கு முன்னால் வருவது உங்கள் கையில் இருக்கும் அழகான கிளாஸ் அல்ல, சம்பள நாள் சாயங்காலம்.

சின்ன கிளாஸின் பெரிய கணக்கு

சுவைத்துப் பார்ப்பதற்கென்று கடைகளில் 'ஃபிளைட்' என்று கொடுப்பார்கள்: ஒரு பலகையில் நான்கு சின்ன கிளாஸ். ஒவ்வொன்றும் 150 மில்லி, சராசரி 6.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 39 மில்லி சுத்த ஆல்கஹால், கிட்டத்தட்ட 31 கிராம். பத்து கிராமை ஒரு அளவு என்று எடுத்தால் மூன்று அளவு. பார்க்க 'டேஸ்டிங்' மாதிரி இருக்கும், உடம்புக்கு மூன்று பீர். நாலு பேர் ஒரு பலகையைப் பகிர்ந்தால் ருசி அதே, கணக்கு கால்வாசி. லேசானதிலிருந்து கனமானதற்குப் போவதும், நடுவில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் எடுத்துக்கொள்வதும் நடுவர்கள் வழக்கம். மிளகாய் நண்டு சாப்பிட்டுவிட்டு பில்ஸ்னருக்கு மதிப்பெண் போடாதீர்கள், பாவம்.

சாவி கையில் இருந்தால் அந்தக் கால்வாசியும் வேண்டாம். 2020 அக்டோபர் 23 முதல் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, 100 மில்லி இரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைந்தது. முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. உயிர் போக வைத்தால் 10 முதல் 15 ஆண்டு. 30 வெள்ளி பீர் குடிக்கப் போகிறவரிடம் கிராப் காசு இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

உடலைப் பற்றிய செய்தியும் 'கிராஃப்ட்' என்ற சொல்லால் மாறுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே மதுபானங்களை முதல் தரப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது. 2023 ஜனவரியில் அந்த நிறுவனம், பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று சொன்னது. சிறு ஆலையில் அன்போடு காய்ச்சினாலும் எத்தனால் எத்தனால்தான்.

இனி எதைக் கவனிக்கலாம்? அடுத்த பட்ஜெட்டில் வரி ஏறுகிறதா என்பதை மட்டும் பார்க்காதீர்கள். பீருக்கும் விஸ்கிக்கும் சம்சுவுக்கும் தனித்தனியாக என்ன எண் போடுகிறார்கள் என்று பாருங்கள். அடுத்த முறை டின்னைக் கையில் எடுத்தால், அதில் எழுதியிருக்கும் விழுக்காட்டை 3.3ஆல் பெருக்குங்கள். 330 மில்லி டின்னுக்குள் எத்தனை மில்லி ஆல்கஹால் என்று வந்துவிடும். மில்லிக்கு 19 சென்னுக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால், கலால் வரி எவ்வளவு என்பதைப் பில் வருவதற்கு முன்னாலேயே நீங்கள் சொல்லிவிடலாம்.